தாத்தாவின் பெட்டியில் இருந்த கறுப்புக் கல்: ஃபிராங்க்ளின் நாட்குறிப்பு

முதல் நாள்

நியூயார்க் நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வந்தால் ஃபிராங்க்ளின். நியூ ஜெர்சி மாநிலத்தின் மலைப்பாங்கான மூலையில் ஒரு சிற்றூர். கனிமம் சேர்ப்பவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். இந்த ஊரிலும், பக்கத்தில் இருக்கும் ஆக்டன்ஸ்பர்க்கிலும் சேர்த்து 350க்கும் மேற்பட்ட கனிம வகைகள் பதிவாகியிருக்கின்றன. நான் வந்தது அவற்றில் ஒன்றைத் தேடி. அதன் பெயர் ஃபிராங்க்ளினைட். ஒரே அணுக் கட்டமைப்புள்ள ஆக்சைடுக் கனிமங்களின் குடும்பமான ஸ்பினெல் தொகுதியைச் சேர்ந்தது. துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு மூன்றும் கலந்த ஆக்சைடு. வேறு சில நாடுகளிலும் சிறிதளவு கிடைக்கிறது. சுரங்கம் வைத்து வெட்டும் அளவுக்குக் குவிந்து கிடந்தது இங்கேதான்.

அண்ணன் மகளும் உடன் வந்திருக்கிறாள். பதினான்கு வயது. வழி நெடுக இலையுதிர்கால மரங்களைப் படம் எடுத்துக்கொண்டு வந்தவள், நாங்கள் தங்கும் வீட்டில் கால் வைத்ததும் கேமராவை மறந்துவிட்டாள். வீட்டுக்கார அம்மையார் ஒரு பழைய தகரப் பெட்டியைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்ததுதான் காரணம். சுரங்கத் தொழிலாளிகள் சாப்பாடு எடுத்துச் செல்லும் பெட்டி அது. அவருடைய தாத்தா, 1954இல் ஃபிராங்க்ளின் சுரங்கம் மூடப்படும்வரை அங்கே வேலை பார்த்தவராம். சாப்பாடு கொண்டுபோன பெட்டியில் திரும்பி வரும்போது கல் இருக்கும். இந்த ஊரில் பல வீடுகளில் அப்படித்தான் என்றார்.

பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு கற்கள். ஒன்றுக்கும் பெயர்ச்சீட்டு இல்லை. அவற்றில் ஒன்று, கட்டைவிரல் நுனி அளவிலான கறுப்பு எண்முகி. இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி சேர்த்து ஒட்டியதுபோன்ற வடிவம். விளிம்புகள் லேசாக மழுங்கியிருந்தன. உலோகம்போல் மிளிர்ந்தது. ஒரு முனை மட்டும் உடைந்திருந்தது.

“இதன் பெயர் தெரிந்தால் எழுதி வைத்துவிடுவேன். ஆனால் கல்லை உடைக்கக் கூடாது” என்றார் அம்மையார்.

பார்த்த உடனே “ஃபிராங்க்ளினைட்” என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை. ஸ்பினெல் தொகுதியின் சிக்கலே இதுதான். உறுப்பினர் எல்லோருக்கும் ஒரே கட்டமைப்பு. அதனால் எல்லோருமே எண்முகியாக வளர விரும்புகிறவர்கள். எங்கும் மலிந்து கிடக்கும் இரும்பு ஆக்சைடான மேக்னடைட்டும் கறுப்பு எண்முகிதான். கடினத்தன்மை இரண்டுக்கும் ஏறத்தாழ 6. எடைபோட்டுத் தண்ணீரில் அமிழ்த்தி அடர்த்தி பார்க்கலாமா என்றால், மேக்னடைட்டின் ஒப்படர்த்தி 5.18, ஃபிராங்க்ளினைட்டுக்கு 5.07 முதல் 5.22 வரை. ஒன்றின் எண் மற்றதன் எல்லைக்குள்ளேயே விழுகிறது. உருவமும் எடையும் கடினமும் சேர்ந்தே கைவிட்டுவிடுகின்றன.

காந்தம் மிச்சமிருந்தது. சின்னக் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கல்லை மெல்ல அருகில் கொண்டுபோனோம். காந்தம் சற்றே சாய்ந்து, கல்லைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ஒப்பிடுவதற்காக நான் கொண்டுவந்திருக்கும் மேக்னடைட் துண்டைக் காட்டியபோதோ பாய்ந்து ஒட்டிக்கொண்டது.

“அப்படியென்றால் இது மேக்னடைட் இல்லை, சித்தப்பா. முடிந்தது” என்றாள்.

முடியவில்லை. மேக்னடைட் நாளடைவில் ஆக்சிஜன் ஏறி ஹெமடைட் என்ற வேறோர் இரும்பு ஆக்சைடாக மாறிவிடுவதுண்டு. உள்ளே பொருள் மாறினாலும் வெளியே எண்முகி அப்படியே நிற்கும். அதற்கு மார்டைட் என்று பெயர். அதுவும் காந்தத்தால் கொஞ்சமாகத்தான் ஈர்க்கப்படும். இதைச் சொன்னதும் அவள் முகம் வாடியது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. எளிதில் விடை தராத கல்லைவிட நல்ல வழித்துணை பயணத்தில் கிடையாது.

இரண்டாம் நாள்

காலை முதல் மாலைவரை பக்வீட் கழிவுக்கல் மேட்டில். ஃபிராங்க்ளின் கனிம அருங்காட்சியகத்தை ஒட்டியிருக்கும் இந்த மேடு, பழைய சுரங்கம் தள்ளிவிட்ட கற்களின் குவியல். அனுமதி பெற்று யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம். சுத்தியல் எடுத்தால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே ஆகவேண்டும். இங்கேயுள்ள கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் உடையும்போது சில்லுகள் ஊசிபோல் தெறிக்கும்.

பெட்டிக் கல்லின் முதல் குறை, அது தாய்ப்பாறையைப் பிரிந்து தனியாக வந்துவிட்டது. மேட்டில் அப்படியில்லை. முதல் அரை மணி நேரத்திலேயே ஒரு கல்லைப் புரட்டியபோது ‘ஓ’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வெள்ளைக் கால்சைட்டில் மிளகைத் தூவியதுபோல் கறுப்பு மணிகள். அவற்றுக்கிடையே வெளிர்பச்சையும் பழுப்புமாக வில்லமைட். ஓர் ஓரத்தில் இரத்தச் சிவப்பில் ஒரே ஒரு பொட்டு, ஜிங்கைட். படங்களில் எத்தனையோ முறை பார்த்த கூட்டம். கையில் கனத்துக் கிடந்தபோதுதான் அது எவ்வளவு விநோதமான கூட்டம் என்று உறைத்தது.

துத்தநாகம் இயல்பாகக் கந்தகத்தோடு சேரும் உலோகம். உலகத்தின் துத்தநாகத் தாதுவில் பெரும்பங்கு ஸ்பாலரைட் என்னும் சல்பைடுதான். இந்தப் படிவிலோ கந்தகத்துக்கு ஏறக்குறைய இடமே இல்லாமல் போயிருக்கிறது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, சுண்ணாம்புப் படிவு சலவைக்கல்லாக மாறிய வெப்பத்திலும் அழுத்தத்திலும், துத்தநாகத்துக்குக் கிடைத்த துணை ஆக்சிஜனும் சிலிக்காவும் இரும்பும் மாங்கனீசும். சிலிக்காவோடு சேர்ந்தது வில்லமைட் ஆயிற்று. ஆக்சிஜனோடு மட்டும் சேர்ந்தது ஜிங்கைட். இரும்பையும் மாங்கனீசையும் சேர்த்துக்கொண்டது ஃபிராங்க்ளினைட். ஆகவே களத்தில் இந்தக் கறுப்பு மணியை அடையாளம் காண முதல் வழி, அதைப் பார்க்காமல் அதன் அக்கம்பக்கத்தைப் பார்ப்பது. வில்லமைட்டும் ஜிங்கைட்டும் கட்டி அணைத்திருக்கும் கறுப்பு எண்முகி ஏறக்குறைய நிச்சயமாக ஃபிராங்க்ளினைட். நைஸ் என்ற பட்டை பட்டையான உருமாறிய பாறையில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சூழ இருக்கும் கறுப்பு மணியின் மேல் அந்த நம்பிக்கை வேண்டாம்.

நண்பகலுக்குள் அண்ணன் மகள் ஒன்பது கற்களை வரிசையாக வைத்துவிட்டாள். மெருகூட்டாத பீங்கான் தட்டை எடுத்து ஒவ்வொன்றாக உரைத்தோம். தங்கத்துக்கு உரைகல் எப்படியோ கனிமத்துக்கு இந்தத் தட்டு அப்படி. கல்லின் மேல்நிறம் ஏமாற்றும். அதன் தூள் ஏமாற்றுவது குறைவு. மேக்னடைட்டின் தூள் கறுப்பு. ஃபிராங்க்ளினைட்டின் தூள் செம்பழுப்பிலிருந்து கரும்பழுப்புவரை. ஆறு கற்கள் காய்ந்த காப்பிக் கறைபோல் பழுப்புக் கோடு போட்டன. இரண்டு கறுப்புக் கோடு போட்டன. இரண்டும் நைஸ் பாறைத் துண்டுகள்.

ஒன்பதாவதுதான் எங்களை நிறுத்தியது. கோடு சிவப்பாக வந்தது, ஆனால் காந்தம் ‘டக்’கென்று ஒட்டியது. அதே கல்லைப் பிளந்து புதிய முகத்தில் உரைத்தபோது கோடு கறுப்பு. மேலே படிந்த துருவைத்தான் முதலில் உரைத்திருக்கிறோம். பிளந்து பார்க்காமல் இருந்திருந்தால் நான் ‘ஃபிராங்க்ளினைட்’ என்று சீட்டெழுதி ஒட்டியிருப்பேன். கோட்டின் நிறத்தை மட்டுமே நம்பியிருந்தால் பிழையோடு வீடு திரும்பியிருப்பேன். இதற்கு எதிர்ப்புறமும் ஒரு பிழை உண்டு: ஃபிராங்க்ளினைட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஜிங்கைட் துணுக்கு ஆரஞ்சு நிறத் தூளைக் கலந்து கோட்டை இன்னும் சிவப்பாக்கிவிடும். உரைக்கும் முன் பத்து மடங்கு பெரிதாக்கும் வில்லையில் அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும்.

பிறகு தடித்த கறுப்புத் துணியைத் தலைவழியே போர்த்திக்கொண்டு, உள்ளே புற ஊதா விளக்கை ஏற்றினோம். பகல் வெளிச்சத்தில் கழிவு மேட்டில் எல்லோரும் இப்படித்தான் பார்க்கிறார்கள். குறுகிய அலைநீளப் புற ஊதா ஒளி பட்டதும் வில்லமைட் பளீரென்று பச்சையாக எரிந்தது, கால்சைட் செந்தணலாயிற்று. இரண்டையும் ஒளிர வைப்பது அவற்றுக்குள் சிறிதளவு புகுந்திருக்கும் மாங்கனீசு. அதே மாங்கனீசைச் சுமக்கும் ஃபிராங்க்ளினைட் மட்டும் துளியும் ஒளிராமல் இருட்டாக இருந்தது. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே ஓட்டை விழுந்ததுபோல.

“மற்றவை எல்லாம் எரிகிற இடத்தில் எது எரியவில்லையோ அதுதான் நம் கல்” என்றாள், துணிக்குள்ளிருந்து. விளக்கை அணைக்கவே மனம் வரவில்லை எங்களுக்கு.

மூன்றாம் நாள்

ஆக்டன்ஸ்பர்க், ஸ்டெர்லிங் ஹில். நியூ ஜெர்சியில் கடைசிவரை இயங்கிய சுரங்கம் இது. 1986இல் நின்றது, 1990இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. கீழ்த்தளங்களை நீர் நிரப்பிவிட்டது. மேல்தளத்தில் நடந்து பார்க்கலாம். சுரங்கத்துக்குள் வெள்ளை விளக்கை அணைத்துப் புற ஊதா விளக்கைப் போடும் இடத்தில் சுவர் முழுவதும் பச்சையும் சிவப்புமாகப் பற்றிக்கொண்டது. நேற்று துணிக்குள் கையளவு பார்த்ததை இன்று ஆளுயரத்துக்குப் பார்த்தோம்.

இந்தப் பகுதியின் வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்தது ஒரு வழக்கு. 19ஆம் நூற்றாண்டில் இங்கே நிலத்தை விற்றவர்கள் கனிம உரிமையைப் பிரித்து விற்றார்கள். ஒரு தரப்புக்குத் துத்தநாகத் தாது. இன்னொரு தரப்புக்கு ஃபிராங்க்ளினைட்டும் இரும்புத் தாதுவும். பூமிக்குள் அவை பிரிந்தா இருக்கின்றன? ஒரே பிடிக்கல்லில் இரண்டும் கலந்திருக்கின்றன. போதாததற்கு ஃபிராங்க்ளினைட்டுக்குள்ளேயே துத்தநாகமும் இருக்கிறது. அப்படியானால் இது யாருடைய கல்? ஒரு கனிமத்துக்கு என்ன பெயர் என்ற கேள்வியை வைத்துப் பல பத்தாண்டுகள் நீதிமன்றத்தில் மோதினார்கள். 1897இல் நிறுவனங்கள் ஒன்றாக இணைந்தபோதுதான் சண்டை ஓய்ந்தது. பெயர்ச்சீட்டு எழுதுவதைச் சிறு வேலை என்று நினைப்பவர்களிடம் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

அதே காலத்தில் இங்கே இரண்டு காந்தங்களின் கதையும் நடந்திருக்கிறது. ஆக்டன்ஸ்பர்க்குக்கு அருகே மலைமேல் தாமஸ் எடிசன் 1890களில் ஒரு பெரிய ஆலையை நடத்தினார். பாறையைத் தூளாக்கி, மின்காந்தங்களுக்கு முன்னால் விழவிட்டு, மேக்னடைட்டை மட்டும் இழுத்துப் பிரிக்கும் ஆலை. மினசோட்டாவின் மெசாபி மலைத்தொடரிலிருந்து மலிவான தாது வந்து குவிந்ததும் மூட வேண்டியதாயிற்று. ஃபிராங்க்ளினைட்டை அப்படி எளிதாக இழுக்க முடியாது. அதன் ஈர்ப்பு அவ்வளவு குறைவு. அதற்கென்றே வெதரில் என்பவர் 1896இல் மிகவும் செறிவான காந்தப்புலம் கொண்ட பிரிப்பானைக் கொண்டுவந்தார். கறுப்பு மணிகள் ஒருபுறம் இழுபட்டன. வில்லமைட்டும் ஜிங்கைட்டும் மறுபுறம் போயின. முதல் நாள் நூலில் தொங்கிய எங்கள் காந்தம் லேசாகச் சாய்ந்ததே, அந்தச் சாய்வை நம்பித்தான் ஒரு தொழிலே நடந்திருக்கிறது.

ஏன் இந்த வேறுபாடு? திரும்பும் வழியில் காரில் கேட்டாள். ஸ்பினெல் கட்டமைப்பில் உலோக அயனிகளுக்கு இரண்டு வகை இருக்கைகள். நான்கு ஆக்சிஜன் சூழ்ந்தது ஒன்று. ஆறு ஆக்சிஜன் சூழ்ந்தது மற்றொன்று. மேக்னடைட்டில் இரண்டிலும் இரும்புதான் அமர்ந்திருக்கிறது. இரு அணிகளும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. ஆனால் வலிமை சமமில்லை, அதனால் மிச்சம் நிற்கும் இழுப்பு நமக்கு வலிய காந்தமாகத் தெரிகிறது. ஃபிராங்க்ளினைட்டில் நான்கின் நடுவே உள்ள இருக்கையைப் பெரும்பாலும் துத்தநாகம் பிடித்துக்கொள்கிறது. துத்தநாக அயனிக்குக் காந்தத்தன்மை கிடையாது. எதிரணியே காலியான பிறகு மற்ற அணிக்கு ஒழுங்கு குலைந்துவிடுகிறது. மாங்கனீசும் இரும்பும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் ஈர்ப்பு மிஞ்சுகிறது. கல்லுக்குக் கல் ஈர்ப்பு மாறுவதற்கு இதுவே காரணம்.

நான்காம் நாள்

மழை. வெளியே போக வழியில்லை. பெட்டிக் கல்லை எடுக்க இதைவிட நல்ல நாள் அமையாது.

முதலில் அம்மையாரிடம் கேட்டேன். உடைந்த முனையிலிருந்து கடுகளவு தூள் மட்டும் சுரண்டிக்கொள்ளலாமா? கல்லைக் கையில் வாங்கி, முனையைத் தடவிப் பார்த்தார். “அந்தப் பக்கம் மட்டும்” என்றார். முனையைத் தட்டில் ஒரே ஒரு முறை உரைத்தோம், கரும்பழுப்புக் கோடு. மேக்னடைட் விலகியது. ஆனால் மார்டைட்டின் கோடும் சிவப்பு கலந்த பழுப்புதான். எண்முகி, மெல்லிய ஈர்ப்பு, பழுப்புத் தூள் மூன்றும் அதற்கும் பொருந்தும். இரண்டையும் பிரிக்க ஒரே கேள்வி போதும்: உள்ளே துத்தநாகமும் மாங்கனீசும் இருக்கின்றனவா?

கொட்டகையில் கதவைத் திறந்து வைத்து, மதுவிளக்கும், அதன் சுடரைக் கல்தூளின் மேல் குவித்து ஊதும் ஊதுகுழலும் எடுத்து உட்கார்ந்தேன். இந்தக் கருவியின் மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு. கன்னத்தை உப்பி வைத்துக் காற்றை விடாமல் ஊத வேண்டும். மூச்சு மூக்கு வழியாக உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு வாரம் பழகினால்தான் சுடர் அசையாமல் நிற்கும். ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் காட்லீப் கான் இதில் பெரிய விற்பன்னர்; புகழ்பெற்ற வேதியியலாளர் பெர்சீலியஸுக்கே கற்றுக்கொடுத்தவர். 1774இல் மாங்கனீசை உலோகமாகப் பிரித்தெடுத்தவரும் அவரே. துத்தநாகமும் அலுமினியமும் சேர்ந்த ஸ்பினெலுக்கு 1807இல் கானைட் என்று அவர் பெயரையே வைத்தார்கள். அவர் வளர்த்த கருவியால், அவர் பிரித்தெடுத்த உலோகத்தை, அவர் பெயர் தாங்கிய கனிமத்தின் உறவுக்குள் தேடப்போகிறோம் என்று அண்ணன் மகளிடம் சொன்னேன். அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

எடுத்தவுடன் பெட்டிக் கல்லின் தூளைத் தொடவில்லை. கழிவு மேட்டில் வில்லமைட்டும் ஜிங்கைட்டும் சூழக் கிடைத்த மணி ஒன்று, என்னிடமிருந்த மேக்னடைட் ஒன்று. இரண்டிலும் முதலில் செய்து பார்த்தோம். விடை தெரிந்த கற்களில் சோதனை சரியாக வராவிட்டால், தெரியாத கல்லில் வரும் விடைக்கு மதிப்பில்லை.

வெண்கார மணி முதலில். பிளாட்டினக் கம்பி வளையத்தில் வெண்காரத்தை உருக்கித் தெளிந்த மணியாக்கி, தூளைத் தொட்டு, சுடரின் வெளிமுனையில் காட்ட வேண்டும். மாங்கனீசு இருந்தால் செந்நீலம் ஏறும். முதல் முயற்சியில் மணி தார்போல் கறுத்துவிட்டது, தூள் அதிகம். கம்பியைச் சுத்தம் செய்து மறுபடி. இந்த முறை கண்ணுக்குத் தெரியாத அளவு தூள். சூடு தணியத் தணியக் கத்தரிப்பூ நிறம் தெளிந்து வந்தது. சுடரின் உட்பகுதியில் பிடித்தபோது அது மறைந்து பாட்டில் பச்சையாயிற்று, அது இரும்பு. மேக்னடைட் மணியிலோ மஞ்சள்தான் வந்தது. சோதனை ஒழுங்காக வேலை செய்கிறது. பிறகு பெட்டிக் கல்லின் தூள்.

கத்தரிப்பூ நிறம்.

அண்ணன் மகள் என் தோளை இறுகப் பிடித்தாள். மார்டைட்டாக இருக்கலாம் என்ற ஐயம் அங்கேயே பாதி கரைந்துவிட்டது. ஆனால் மாங்கனீசு மட்டும் போதாது. ஜேக்கப்சைட் என்ற மாங்கனீசு ஸ்பினெலும் இதே குடும்பம், அதுவும் கறுப்பு, அதுவும் இந்தப் படிவுகளில் பதிவானது. துத்தநாகத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

மீதித் தூளைச் சலவை சோடாவோடு குழைத்துக் கரித்துண்டின் குழியில் வைத்து, உட்சுடரால் அழுத்தி ஊதினேன். துத்தநாகம் ஆவியாகி, குழியைச் சுற்றிக் கரியின்மேல் ஆக்சைடாகப் படிய வேண்டும்; சூட்டில் மஞ்சள், ஆறியதும் வெள்ளை. ஃபிராங்க்ளினைட்டில் இந்தப் படிவு மங்கலாகவே வரும். நாலைந்து நிமிடம் ஊதியபின், பனி படர்ந்ததுபோல் மெல்லிய வெண்மை தெரிந்தது. சாம்பலோ என்றுகூடத் தோன்றும் அளவுக்கு மெல்லியது. அதன்மேல் கோபால்ட் நைட்ரேட் கரைசல் ஒரு துளி. மறுபடி வெளிச்சுடர். துத்தநாகமாக இருந்தால் பச்சையாக வேண்டும்.

முதலில் ஒன்றுமில்லை. கரி சிவந்து, பிறகு கறுத்து ஆறியது. வில்லையை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். குழியின் வலது ஓரத்தில், நகக்கணு அகலத்துக்கு, புல்லின் குருத்துப்போல் ஒரு பச்சை வளையம். நான் ஒன்றும் சொல்லாமல் வில்லையை அவளிடம் கொடுத்தேன். அவள் பார்த்துவிட்டு அம்மையாரைக் கூப்பிட ஓடினாள்.

அம்மையார் நெடுநேரம் பார்த்தார். “தாத்தா இதைத்தான் தினமும் வெட்டினாரா?” என்று கேட்டார். ஆமாம், இதைத்தான் என்றேன்.

ஐந்தாம் நாள்

புறப்படும் காலை. மழை விட்டிருந்தது. சீட்டை யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, அண்ணன் மகள் எழுதட்டும் என்றார் அம்மையார்.

முதலில் ‘ஃபிராங்க்ளினைட்’ என்று மட்டும் எழுதினாள். மேக்னடைட், ஜேக்கப்சைட், ஃபிராங்க்ளினைட் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து போகும் தொடர் என்பதை நினைவுபடுத்தினேன். துத்தநாகம் இருக்கிறது என்று கண்டோம். எவ்வளவு என்று அளக்கவில்லை. வண்ணங்கள் அதைச் சொல்லாது; ஆய்வகத்தில் நுண்பகுப்பாய்வு செய்தால்தான் தெரியும். யோசித்துவிட்டுக் கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: ‘தூள் கரும்பழுப்பு, ஈர்ப்பு மெல்லியது, மாங்கனீசும் துத்தநாகமும் ஊதுகுழலில் தெரிந்தன, விகிதம் அளக்கப்படவில்லை.’

கிடைத்த இடம் என்ற கட்டம் மிஞ்சியது. ஃபிராங்க்ளின் சுரங்கம் என்று எழுதலாமா என்று என்னைப் பார்த்தாள். தாத்தா அங்கே வேலை பார்த்தார் என்பது உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் கற்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. ஸ்டெர்லிங் ஹில் நண்பர் ஒருவர் கொடுத்ததாகவும் இருக்கலாம். அம்மையாருக்கும் தெரியவில்லை.

அவள் எழுதினாள்: ‘தாத்தாவின் சாப்பாட்டுப் பெட்டி.’

அம்மையார் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். சீட்டை மடிக்காமல் கல்லுக்கு அடியில் வைத்து, பெட்டியை மூடினார்.